சொல்லாமல் வந்த பேரிக்காய்

லிஃப்ட் மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் சாவகாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். நடு மாடியில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்த பிறகும் அவன் டீயை முழுசாகக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பான். அவன் கைபட்ட லிஃப்ட் எதுவும் கீழே விழுந்ததில்லை என்பதால் யாரும் அவனைப் பெரிதாகத் திட்டியதும் இல்லை.

சட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் அவன் ஆளே வேறு. சாலையில் ஈ காக்கை இல்லாத நேரத்திலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றுவிடுவான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் திரும்பி விளக்கைக் காட்டுவான். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது.

அவன் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எவ்வளவு தாமதமாக வரும், வராமலே போகும் என்பதையெல்லாம் ஒரே இனிமையோடு சொல்லக்கூடிய குரல் அவளுடையது. தலைப்பிள்ளை வயிற்றில் தங்கியதிலிருந்து அந்தக் குரல் கம்மிப்போயிருந்தது. கஞ்சி குடித்தாலும் வாந்தி, ரொட்டியைத் தொட்டாலும் வாந்தி. பாலை அடுப்பில் வைத்தால் வாசனைக்கே எழுந்து ஓடுவாள். ஐந்தாம் மாதம் பிறந்தும் நிற்கவில்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கருமை விழுந்துவிட்டது.

"எது வயித்துல தங்குதோ அதைக் கொடுங்க. இப்படியே போனா பிள்ளைக்கு நல்லதில்லை" என்றார் டாக்டர்.

எது தங்கும் என்று யோசித்து யோசித்து, ஒருநாள் படுத்த வாக்கிலேயே அவள் சொன்னாள். "என்னங்க, அக்கா செய்யற பேரிக்காய்ப் பாகு இருந்தா சாப்பிடுவேன்னு தோணுது."

அக்கா கல்யாணம் ஆகிப் போன ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இவர்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆனால் ஆறு நடுவே போவதால் அது வேறு நாடு. போனில் தங்கை குரலைக் கேட்டதும் அக்கா அழுதாள், உடனே திட்டினாள். "இத்தனை மாசமா வாயைத் திறக்காம இருந்திருக்கியேடி! இன்னிக்கே அடுப்புல ஏத்தறேன். ரெண்டு நாள்ல உன் கையில இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தால் ஜாடி வந்ததும் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சாவகாசம் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, உணவு வருகை முன்னறிவிப்பு அலுவலகத்துக்குப் புறப்பட்டான்.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதோ ஒரு சமயம் ஊரில் பலர் ஒரே நேரத்தில் வயிற்று வலியால் படுத்தார்கள். எதைத் தின்று படுத்தார்கள் என்று ஒரு குழு விசாரித்தது. விசாரணை முடிவதற்கு முன்பே, மக்களின் பாதுகாப்பை உத்தேசித்து, அலுவலகத்தைத் திறந்துவிட்டார்கள். அலுவலகம் திறந்துவிட்டபடியால் விசாரணையை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து எந்த உணவு உள்ளே வந்தாலும் அது வருவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்பது விதி. சொன்னதற்கு அலுவலகம் ஓர் உறுதி எண் கொடுக்கும். எண் வந்த பிறகுதான் உணவு வரலாம்.

பாலத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டடம். உள்ளே நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் 'வருவதைச் சொல்லுங்கள், சொன்னதே வரட்டும்' என்றிருந்தது.

"என்ன வருது?" என்றார் கவுண்டர்க்காரர், நிமிர்ந்து பார்க்காமல்.

"பேரிக்காய்ப் பாகு சார். ஒரே ஒரு ஜாடி."

"எதுக்கு வருது?"

சாவகாசத்துக்குக் கேள்வி புரியவில்லை. "சாப்பிடத்தான் சார்."

கவுண்டர்க்காரர் நிமிர்ந்து அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "யார் சாப்பிடப் போறாங்க?"

"என் மனைவி."

"அவங்க மட்டும்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது."

"அவ மட்டும்தான் சார். எனக்கு இனிப்பு ஆகாது."

"எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை, இல்லாட்டி சனிக்கிழமை."

"வெள்ளி இல்லாட்டி சனின்னு ஒரு கிழமை கிடையாதே."

"அப்ப... சனிக்கிழமைன்னு போடுங்க சார்."

"போட்டாச்சு. அதுக்கு முன்னால வராம பாத்துக்கோங்க. லேட்டா வந்தாகூட மன்னிச்சுடுவோம். முந்தி வந்தா மன்னிக்கிறதுக்கு விதியில் இடமில்லை."

கிளம்பியவன் திரும்பி வந்தான். "சார், ஒரு சந்தேகம். ஜாடி வந்ததும் நீங்க திறந்து பாப்பீங்களா? கெட்டுப்போயிருக்கா, நல்லா இருக்கான்னு?"

அசிங்கமாக ஏதோ கேட்டுவிட்டது போலக் கவுண்டர்க்காரரின் முகம் சுருங்கியது. "நாங்க உணவைப் பாக்கறதில்லை. அது வர்றதைத்தான் பாக்கறோம்."

ஜாடி வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அக்கா தன் பக்கத்துக் கூரியர்க்காரனிடம் "தங்கச்சி வாயும் வயிறுமா இருக்கா" என்று சொல்லியிருக்கிறாள். அந்த நல்ல மனிதன் வேறெங்கும் நிற்காமல் நேரே வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சாவகாசம் அந்த நேரத்தில் ஒரு வங்கிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"மூணு துண்டு சாப்பிட்டேங்க. அப்படியே தங்கிடுச்சு! மத்தியானம் பூரா தூங்கினேன். எழுந்ததும் உள்ள ஒரு உதை. கையை வையுங்க, கையை வையுங்க!"

அவன் கையை வைத்தான். உள்ளேயிருந்து ஏதோ லேசாக முட்டியது. அப்போதுதான் மேஜை மேல் இருந்த ஜாடியையும், சுவரில் இருந்த காலண்டரையும் பார்த்தான். அதில் வெள்ளிக்கிழமை என்றிருந்தது.

"எண் இன்னும் வரலையே" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் குளிர்பெட்டி, இன்னொருவர் கையில் தராசு. மிகவும் மரியாதையானவர்கள். ஜாடியை எடுத்துத் துணியால் துடைத்து, நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது முறையும் நிறுத்தார்கள்.

"மீதி எங்கே?"

அவள் புன்னகையோடு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் வராந்தாவுக்குப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "எண் இல்லாம வந்த சரக்கைப் பாலத்துக் கிட்டங்கில, அதாவது எங்க கோடவுன்ல, வெச்சுப் பாதுகாக்கணும். அது விதி. சரக்கைப் பிரிக்கக் கூடாது. அதுவும் விதி."

"எடுத்துட்டுப் போங்க சார். ஜாடியை எடுத்துட்டுப் போங்க" என்றான் சாவகாசம்.

"ஜாடியில இருக்கறது பாதி சரக்குதாங்க." அவர் மனைவியின் பக்கம் திரும்பி, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவரின் பணிவோடு சொன்னார். "அம்மா, நீங்க கொஞ்சம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா நல்லது. வண்டி குளிரா இருக்கும்."

அவன் கத்தினானா, காலில் விழுந்தானா என்று பின்னால் அவனுக்கே நினைவில்லை. அவர்கள் அவளைத் தொடக்கூட இல்லை. படியில் இறங்கும்போது டார்ச் அடித்துக் காட்டினார்கள். அவள் மணிக்கட்டில் ஒரு அட்டையைக் கட்டினார்கள். ஜாடியின் கழுத்திலும் அதே அட்டை. கண்ணாடியோ ஜன்னலோ இல்லாத வண்டியின் கதவைச் சாத்தும்போது அவள் குரல் மட்டும் கேட்டது. "போய் கேஸை மூடுங்க. பால் வெச்சிருக்கேன்."

மறுநாள் அலுவலகத்தில் துணை அதிகாரியைப் பார்க்க விட்டார்கள். நடுத்தர வயது அம்மாள், மெல்லிய குரல். மேஜை மேல் பிளாஸ்டிக் பூங்கொத்து. ஜன்னல் வழியே பாலம் தெரிந்தது.

"பயப்படாதீங்க. உங்க மனைவி பத்திரமா இருக்காங்க. நாங்க எதையும் கெட விடமாட்டோம்" என்றார்.

"மேடம், அவ சாப்பிட்டு ஒரு ராத்திரி ஆயிடுச்சு. இந்நேரம் செரிச்சே போயிருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

துணை அதிகாரியின் முகத்தில் கவலை படர்ந்தது. "தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. காவலில் இருக்கற சரக்கை அனுமதியில்லாம அழிக்கறது பெரிய குற்றம். உங்களைப் பாத்தா நல்லவராத் தெரியுது, அதனால சொல்றேன். விசாரணை முடியற வரைக்கும் ஜீரணம் பண்ண வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"அது... அவ கையில இல்லையே மேடம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய லாரி பாலத்தைத் தாண்டி வந்தது. அதோடு சேர்ந்து வந்த நாற்றத்தில் சாவகாசம் மூக்கைப் பொத்திக்கொண்டான். செத்த எலி மாதிரி, புளித்த துணி மாதிரி ஒரு வீச்சம். தடுப்புக் கட்டையை மேலே தூக்கி லாரியை உள்ளே விட்டார்கள். காவலாளி சல்யூட்கூட அடித்தான்.

"என்ன மேடம் அது?"

"பால்மாவு. கெட்டுப்போனது."

"கெட்டுப்போனதா? உள்ள விடறீங்களே!"

"கெட்டுப்போனதுன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட்டாங்களே. எந்த நாள், எந்த நேரம், எந்த லாரி, என்ன நிலைமை, எல்லாம் அப்படியே இருக்கு. ரொம்ப ஒழுங்கான கம்பெனி. உங்க மனைவியோட அக்காவும் அந்த மாதிரி இருந்திருக்கலாம்."

துணை அதிகாரி கோப்பில் இருந்த மருத்துவரின் சீட்டைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க மனைவி கர்ப்பமா?"

"ஆமா மேடம்." அவனுக்கு உயிர் வந்தது. கர்ப்பிணி என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான்.

"அப்ப சரக்கு அவங்ககிட்ட நிக்கலை. பிள்ளைக்குப் போயிருக்கு. நீங்க சேருமிடம்னு எழுதினது உங்க மனைவியை. கடைசியா போய்ச் சேர்ந்த இடம் வேற ஒருத்தர். அவர் பேர் என்ன?"

"இன்னும் பிறக்கவே இல்லையே!"

"முகவரி?"

அவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"பேர் இல்லாத, முகவரி இல்லாத ஒருத்தருக்கு வெளிநாட்டிலிருந்து உணவு வந்திருக்கு" என்று துணை அதிகாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அவர் உண்மையிலேயே பயந்திருக்கிறார் என்று தெரிந்தபோதுதான் சாவகாசத்துக்கு நிலைமையின் தீவிரம் உறைத்தது. "அவர் வெளியில வந்து தன்னை யாருன்னு காட்டற வரைக்கும் நாங்க எப்படி விட முடியும்? நீங்களே சொல்லுங்க."

ஞாயிறுதோறும் மத்தியானம் கிட்டங்கிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள்.

உயரமான, நீளமான கூடம். குளிர். இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள். பாலாடைக் கட்டிகள், மீன் டப்பாக்கள், தேன் புட்டிகள், முடிச்சுப் போட்ட துணிப் பைகள் எல்லாவற்றிலும் அட்டை. அலமாரிகளுக்குக் கீழே, அவரவர் சரக்குக்குப் பக்கத்தில், ஸ்டூல் போட்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கட்டில் அட்டை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

மனைவி ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். "ரொட்டி தர்றாங்க. ஆனா ரொட்டி கிட்டங்கிக்குள்ள வர்றதுக்கும் முன்னறிவிப்பு வேணுமாம். எண் வர்றதுக்குள்ள காஞ்சு கட்டையாயிடுது. தண்ணியில நனைச்சுச் சாப்பிடறேன். வாந்தியே இல்லைங்க இப்ப! அதைச் சொல்லுங்க அக்காகிட்ட."

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் ஊர் ஊராகப் போய் மூக்குக் கண்ணாடி விற்பவர். பிஸ்கட்காரர் என்று எல்லோரும் அவரை அழைத்தார்கள். பாலத்தில் நடந்து வரும்போது பிஸ்கட்டை அந்தப் பக்கத்தில் கடித்து, பேச்சு சுவாரசியத்தில் இந்தப் பக்கத்தில் விழுங்கிவிட்டாராம். மீதி பாக்கெட் அவர் தலைக்கு மேல் தட்டில் இருந்தது.

"பாலத்து நடுவுல ஒரு மஞ்சள் கோடு இருக்கு தம்பி. தொண்டை அதைத் தாண்டறதுக்குள்ள விழுங்கியிருந்தா நான் இப்ப வீட்டுல இருப்பேன்" என்று அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தின் கடைசியில் சில ஸ்டூல்கள் காலியாக இருந்தன. சுவர் ஆணிகளில் கோட்டுகள், ஒரு பெண்ணின் கைப்பை, ஒரு குடை தொங்கின. எல்லாவற்றிலும் அட்டை இருந்தது.

"அவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று சாவகாசம் சாம்பல் கோட்டுக்காரரிடம் கேட்டான்.

"இல்லீங்க. அவங்க சரக்கோட தேதி முடிஞ்சுடுச்சு."

"முடிஞ்சா?"

"காலாவதியானதை வெச்சிருக்கக் கூடாதுங்க. பொதுமக்கள் பாதுகாப்பு. அகற்றிடுவோம்." அவர் குரலைத் தாழ்த்தி, ஆறுதலாகச் சொன்னார். "நீங்க கவலைப்படாதீங்க. உங்க ஜாடி வீட்டுல செஞ்சது. அதுல தேதியே இல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்காரரின் ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் கோட்டு கடைசிச் சுவரின் ஆணியில் தொங்கியது. அதன் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது. மனைவி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். நேரம் முடிந்தும் விடவில்லை.

அதற்குப் பிறகு சாவகாசம் வேலையில் ஒரு தடவை எண்ணெய் போட மறந்தான், ஒரு தடவை டீயை வைத்துவிட்டு மறந்தான். வக்கீலைப் பார்த்தான். இந்த வழக்கை எடுத்துக்கொள்வதற்கு முன் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் வக்கீல். பத்திரிகைக்காரரைப் பார்த்தான். அவர் கதவைத் திறக்காமல் பேசினார். அக்கா அந்தக் கரையிலிருந்து தினமும் போன் செய்து, "நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன்" என்று அழுதாள்.

இதற்கிடையில் ஊரில் குழந்தைகள் படுக்க ஆரம்பித்தார்கள். பால்மாவு கடைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுச் சின்னப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மக்கள் முணுமுணுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தலைமை அதிகாரி நகரமன்ற மண்டபத்தில் கூட்டம் போட்டார். சாவகாசமும் போய்ப் பின்வரிசையில் நின்றான்.

தலைமை அதிகாரி பெரிய உருவம், கம்பீரமான குரல். "சகோதர சகோதரிகளே! சில பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்ன, நோய் வருவதற்கு முன்பே தெரியும். பால்மாவு கெட்டது என்பது எங்கள் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. எத்தனை பேர் படுப்பார்கள் என்று நாங்கள் போட்ட கணக்குக்கும் நடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த நாட்டில் இவ்வளவு துல்லியமாகச் சொல்வார்கள்? ஒரு காலத்தில் நம் மக்கள் எதனால் படுக்கிறோம் என்று தெரியாமல் படுத்தார்கள். அந்த இருண்ட காலம் போய்விட்டது. மனிதன் நோயால் சாகலாம், அது இயற்கை. ஆனால் அதிர்ச்சியால் சாகக் கூடாது. அந்த அதிர்ச்சியிலிருந்து உங்களைக் காப்பதற்காகத்தான் நாங்கள் கண் விழித்திருக்கிறோம்!"

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கதவோரம் சாம்பல் கோட்டுகள் நின்று, யார் தட்டவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தன. சாவகாசம் தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

மாதம் நிறைந்தது. துணை அதிகாரி அவனைக் கூப்பிட்டு, கடைசிச் சேருமிடம் வரப்போகும் நாளை முறைப்படி முன்னறிவிக்கச் சொன்னார். டாக்டர் சொன்ன நாளை எழுதிக் கொடுத்தான். உறுதி எண் வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து அவனுக்கு வந்த முதல் எண் அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றவனைப் போலவே அழுதான்.

"சேருமிடம் வந்து பேரும் முகவரியும் பதிவானதும் கோப்பை மூடிடலாம். மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் துணை அதிகாரி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

குழந்தை சொன்ன நாளில், பட்டப்பகலில், கிட்டங்கியின் கூடத்திலேயே பிறந்தது. பெண் குழந்தை. சரக்கை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் மருத்துவச்சியை உள்ளே வரவழைத்திருந்தார்கள். அலமாரிகளுக்கு நடுவே திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் தலைமை அதிகாரியும் துணை அதிகாரியும் சாம்பல் கோட்டுகளும் வரிசையாக நின்றார்கள். ஒரு போட்டோக்காரரும் வந்திருந்தார். கம்பளி போர்த்திய மற்றவர்கள் ஸ்டூல்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் தலைமை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "சொன்ன நாளிலேயே! எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்றார்.

திரையை விலக்கினார்கள். மனைவி வியர்த்து வெளுத்திருந்தாள். மருத்துவச்சி குழந்தையைத் துடைத்து அவள் மடியில் வைத்தாள். குழந்தை வாயைத் திறந்து திறந்து எதையோ தேடியது. கிடைக்காமல் வீறிட்டது. மனைவி மேல்துணியை விலக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் துணை அதிகாரி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன கொடுக்கப் போறீங்க?"

"பால்" என்றாள் மனைவி.

துணை அதிகாரி தலைமை அதிகாரியின் காதோடு ஏதோ சொன்னார். போட்டோக்காரரை வெளியே அனுப்பினார்கள். பிறகு துணை அதிகாரி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். "நேத்து வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரே இடம். இப்ப ரெண்டு தனித்தனி இடம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு உணவு போகுது. அந்த உணவு எதிலிருந்து உண்டாச்சு? உள்ள போன சரக்கு இதுல கலந்திருக்காதுன்னு யாரால சொல்ல முடியும்? ஒரு நாள் முன்னால சொல்லியிருந்தா இப்ப எண் கையில இருந்திருக்கும். நாளைக்கு இதே நேரம் கொடுக்கலாம். ஒரே ஒரு நாள்தான்."

குழந்தையின் அழுகை கூடத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது.

மனைவி துணை அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். களைப்பில் குரல் உடைந்திருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "அழுதுக்கிட்டுத்தானே இருக்கா. இதைவிட முன்னால எப்படிம்மா சொல்லணும்?"

சொல்லிவிட்டு, அவர்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, குழந்தையை மார்போடு சேர்த்தாள். அழுகை சட்டென்று நின்றது.

தலைமை அதிகாரியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் துணை அதிகாரியிடம் தணிந்த குரலில் கேட்டார். "பாலுக்குக் காலாவதித் தேதி என்ன?"

"கொஞ்ச நேரம்தான் சார். அது சீக்கிரம் கெட்டுப்போற வகை."

சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் ஒரு சின்ன அட்டையை எடுத்து, நூலைக் குழந்தையின் கணுக்காலுக்கு அளவாக வெட்டினார். இன்னொருவர் சாவகாசத்தின் தோளைத் தொட்டார். "பாக்கற நேரம் முடிஞ்சுடுச்சுங்க. கூடத்தைச் சாத்தணும். சரக்கு சம்பந்தப்படாதவங்க வெளியில போகணும்."

சாவகாசம் கதவைப் பார்த்தான். வெளியே வெயில் இருந்தது. கடைசிச் சுவரில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தான். பிறகு மனைவியின் முதுகைப் பார்த்தான்.

"நானும் சாப்பிட்டேன்" என்றான்.

மனைவி திரும்பினாள். "என்னங்க சொல்றீங்க? எப்போ?"

"அன்னிக்கு நீ தலை வாரிக்கிட்டு இருந்தப்ப. ஒரு துண்டு." அவன் துணை அதிகாரியைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணு இல்லை மேடம், ரெண்டு."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

துணை அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதான் எடை சரியா வரவே இல்லை. இப்பத்தான் பொருந்துது." பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்லையா நீங்க?"

"சொல்லியிருக்கணும் மேடம்" என்று சாவகாசம் மணிக்கட்டை நீட்டினான்.

அட்டையைக் கட்டி, மனைவியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு ஸ்டூலும் கம்பளியும் போட்டுக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வரிசையாக வெளியே போனார்கள். இரும்புக் கதவு உருண்டு வந்து சாத்திக்கொண்டது. அவன் கம்பளியை எடுத்து இருவர் மேலும் சேர்த்துப் போர்த்தினான். அந்தக் குளிர்ந்த கூடத்தில், குழந்தை பால் விழுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.